வேலிக்கு இருபுறமும் எறும்புகள்: பாலைநிலத்தில் மேய்ச்சல் எதை மாற்றுகிறது?

வறண்ட மேய்ச்சல் நிலமொன்றின் குறுக்கே கம்பி வேலி ஓடுகிறது. ஒரு புறம் பல பத்தாண்டுகளாக மாடுகள் மேய்கின்றன. மறுபுறம் மாட்டின் குளம்பு பட்டு வெகுகாலம் ஆயிற்று. இந்தப் பக்கம் வெறும் மண், அந்தப் பக்கம் புல். புல் இருக்கும் பக்கத்தில்தான் எறும்பு இனங்களும் அதிகம் இருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்லிவிடுவார்கள். எண்ணிப் பார்த்தவர்களுக்குப் பல இடங்களில் ஏமாற்றமே மிஞ்சியது. இரு புறமும் ஏறக்குறைய ஒரே கணக்கு. சில இடங்களில் மேய்ந்த பக்கத்தில் ஒன்றிரண்டு இனம் கூடுதலாகவும் இருந்தது.

அப்படியானால் மேய்ச்சலால் எறும்புக்கு ஒன்றும் ஆவதில்லை என்று முடிவுகட்டுவது எளிது. எறும்பே நன்றாக இருக்கும்போது நிலத்துக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று இன்னொரு படி தாவுவதும் எளிது. இரண்டுமே அவசரம். பாலைநில எறும்பு எப்படிப்பட்ட உயிர் என்று பார்த்துவிட்டால், அந்தச் சமமான எண்ணிக்கைக்குள் என்னவெல்லாம் மறைந்திருக்கிறது என்பது தெரியும்.

எறும்பை ஓடித் திரியும் பூச்சியாக நினைத்துப் பழகிவிட்டோம். சூழலியலின் கண்ணுக்கு அது கிட்டத்தட்ட ஒரு மரம். வெளியே நாம் பார்க்கும் வேலைக்கார எறும்புகள் இலைகளைப் போல. வரும், உதிரும். வேர் என்பது மண்ணுக்கடியில் இருக்கும் ராணி. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களில் வாழும் சிவப்பு அறுவடை எறும்புகளை (விதைகளைப் பொறுக்கிச் சேர்ப்பவை) உயிரியலாளர் டெபோரா கார்டன் 1985 முதல் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வருகிறார். நியூ மெக்சிகோ மாநிலத்தில் ரோடியோ என்ற சிற்றூருக்கு அருகே உள்ள நிலம் அது. அங்கே ஒரு வேலைக்கார எறும்பின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. ராணியோ 20 முதல் 30 ஆண்டுகள் வாழ்கிறது. வளர்ந்த புற்றொன்றில் பத்தாயிரம் எறும்புகள் வரை இருக்கும். அந்தப் புற்று ராணி சாகும்வரை பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கும். (புற்று என்றதும் கறையான் எழுப்பும் மண்மேட்டை நினைக்க வேண்டாம். இங்கே மேலே தெரிவது ஒரு துளையும் அதைச் சுற்றிய கூழாங்கல் வட்டமும்தான். மற்றதெல்லாம் கீழே, 2 மீட்டருக்கும் ஆழத்தில்.)

புற்று நடந்து போய்ப் புதிய இடம் தேடாது. மாடு வந்துவிட்டது என்பதற்காக வளர்ந்த புற்று உடனே அழிந்தும் போகாது. குளம்பு பட்டு வாயில் சரிந்தால் சில மணி நேரத்தில் தோண்டித் திறந்துவிடும். மேய்ச்சலின் பாதிப்பு தெரிவது புதிய புற்றுகள் பிறக்கும் இடத்தில். கோடை மழைக்குப் பின் சிறகுள்ள ராணிகள் பறந்து இணைசேர்ந்து, கீழே இறங்கி, சிறகை உதிர்த்துவிட்டு, ஈரமண்ணில் தனியாகக் குழி தோண்டுகின்றன. குழியை உள்ளிருந்தே அடைத்துக்கொண்டு, உடலில் சேர்த்து வைத்த கொழுப்பை வைத்தே முதல் குஞ்சுகளை வளர்க்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. மிதிபட்டு இறுகிய மண்ணிலும், நிழலில்லாமல் சீக்கிரம் காய்ந்துபோகும் மேல்மண்ணிலும் பிழைப்பது இன்னும் கடினம். பிழைத்த புற்றும் தன் பங்குக்குச் சிறகெறும்புகளை அனுப்ப ஐந்தாண்டு போல ஆகும். ஆக, இன்று மோசமாகிவிட்ட மேய்ச்சல் நிலத்தில் பழைய புற்றுகள் திடமாக நின்றுகொண்டே இருக்கலாம். காட்டில் கிழட்டு மரங்கள் நிற்க, கன்று ஒன்றுகூட முளைக்காததைப் போல.

மேய்ச்சல் எறும்பை நேரடியாகத் தொடுவது குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாடு எறும்பைத் தின்பதில்லை. அது புல்லையும் மண்ணையும் மாற்றுகிறது, அவை எறும்பை மாற்றுகின்றன.

முதலில் வெப்பம். புல்லும் சருகும் போன நிலத்தில் மேற்பரப்பு பகலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். பாலைநில எறும்புகளில் சில இந்தச் சூட்டுக்கென்றே பிறந்தவை. சகாராவின் வெள்ளி எறும்பு உடல் வெப்பம் 53 டிகிரியைத் தொடும் அளவுக்குத் தாங்கி, மற்ற உயிர்கள் ஒளிந்துகொள்ளும் நண்பகலில் வெளியே வந்து, வெயிலில் செத்த பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு சில நிமிடங்களில் திரும்பிவிடும். ஆஸ்திரேலியாவின் மெலோபோரஸ், தென்னாப்பிரிக்காவின் ஆசிமிர்மெக்ஸ் ஆகியவையும் அதே ரகம். வெறும் மண் இவற்றுக்குத் திறந்த மைதானம். விதை பொறுக்கும் எறும்புகளுக்கு அப்படியில்லை. வெளியே போகும் ஒவ்வொரு எறும்பும் உடலின் நீரை இழக்கிறது. கொண்டுவரும் விதையிலுள்ள கொழுப்பைச் செரித்துத்தான் புற்று அந்த நீரைத் திரும்பப் பெறுகிறது. நீரைச் செலவழித்து நீரைச் சம்பாதிக்கும் வியாபாரம் இது. கார்டனின் ஆய்வில், காய்ந்த நாட்களில் வெளியே ஆள் அனுப்புவதைக் குறைத்துக்கொண்ட புற்றுகளுக்கே அதிக வாரிசுப் புற்றுகள் இருந்தன. நிழல் போய்த் தரை கொதிக்கும்போது வேலை நேரம் காலையிலும் மாலையிலும் சுருங்குகிறது, சில இனங்கள் இரவுக்கு மாறிவிடுகின்றன.

அடுத்து தரையின் அமைப்பு. 1999-ல் மைக்கேல் கஸ்பாரியும் மைக்கேல் வைசரும் முன்வைத்த ஒரு கருத்து இதைப் புரிந்துகொள்ள உதவும். நமக்குச் சமதளமாகத் தெரியும் தரை, இரண்டு மில்லிமீட்டர் எறும்புக்குச் சருகும் தாளும் வேரும் பின்னிய புதர்க்காடு. சிற்றெறும்பு அந்த இடுக்குகளில் புகுந்து போகும். நீண்ட கால்கொண்ட பெரிய எறும்பு அதில் தடுமாறும், சமதளத்தில் விரைந்தோடும். மாடு புல்லைக் கத்தரித்துச் சருகை நொறுக்கும்போது, கால் நீண்டவைக்குச் சாலை போட்டுக் கொடுக்கிறது. சருகுக்கடியில் வேட்டையாடும் சின்னஞ்சிறு இனங்கள் மெதுவாகக் காணாமல் போகின்றன. அவை போனதை யாரும் கவனிப்பதுமில்லை, ஏனென்றால் அவை இருந்ததையே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

விதைக்கணக்கு இன்னும் சிக்கலானது. மாடும் ஆடும் பல்லாண்டுப் புற்களை விரும்பித் தின்னும்போது அவை கதிர் விடுவது குறைகிறது. அந்த இடத்தில் மழைக்கு முளைத்து வெயிலுக்குச் சாகும் ஓராண்டுச் செடிகள் பெருகுகின்றன. நல்ல மழையாண்டில் அவை கொட்டும் விதை ஏராளம், அறுவடை எறும்புக்குக் கொண்டாட்டம். மழை பொய்த்த ஆண்டில் ஒன்றுமே இல்லை. ஆகவே விதை மொத்தத்தில் குறைந்ததா கூடியதா என்று கேட்பதைவிட, எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கேட்பதே பொருத்தம். நிலத்தடி அறைகளில் சேமித்து வைக்கும் பெரிய புற்றுகள் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். அன்றாடம் பொறுக்கி அன்றாடம் தின்னும் இனங்கள் தாங்காது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் ஒரு காலத்தில் இந்த அறுவடை எறும்புகளையே மாட்டின் போட்டியாளராக எண்ணி நஞ்சிட்டார்கள். சில இனங்கள் புற்றைச் சுற்றிச் செடியை வெட்டி வட்டமாக வெறுமையாக்கி வைப்பதுதான் காரணம். புல்லைத் தின்றது யார் என்ற வழக்கில் எறும்பு குற்றவாளிக் கூண்டில் நின்றது.

எறும்புகள் விதைக்காகப் போட்டியிடுவது மாட்டுடன் மட்டுமல்ல. 1977-ல் ஜேம்ஸ் பிரவுனும் டயான் டேவிட்சனும் அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் செய்த சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். விதை தின்னும் எலிகளை அகற்றிய திடல்களில் எறும்புப் புற்றுகள் 71 சதவீதம் கூடின. எறும்புகளை அகற்றிய திடல்களில் எலிகள் கூடின. பாடநூல்களில் இடம்பிடித்த முடிவு இது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தபோது, எலி இல்லாத திடல்களில் எறும்புகள் மறுபடி குறைய ஆரம்பித்தன. எலி பெரிய விதைகளை விரும்பித் தின்னும். எலி இல்லாத இடத்தில் பெரிய விதைச் செடிகள் தழைத்து, சிறிய விதைச் செடிகளை நெருக்கின. எறும்பின் உணவோ அந்தச் சிறிய விதைகள். போட்டியாளன் என்று நினைத்த எலி, சுற்றிவளைத்துப் பார்த்தால் எறும்பின் கூட்டாளியாக இருந்தது. மேய்ச்சல் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும். இரண்டாண்டுத் தரவும் பத்தாண்டுத் தரவும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பேசக்கூடும்.

எறும்பு போனால் மண்ணுக்கு என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வறண்ட நிலத்தில் மழை எப்போதாவது வரும், வந்தால் கொட்டும். இறுகிய மேல்மண்ணில் அது வழிந்தோடிவிடும். எறும்பு வளைகள் அந்த நீரை உள்ளே இறக்கும் குழாய்கள். கிழக்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட மணல் நிலங்களில் டேவிட் எல்ட்ரிட்ஜ் அளந்து பார்த்தபோது, வளைவாயில் உள்ள மண்ணில் நீர் பல மடங்கு வேகமாக இறங்கியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயலொன்றில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், எறும்பும் கறையானும் இருந்த பகுதிகளில் விளைச்சல் 36 சதவீதம் அதிகம். நீர் இறங்கியதும் மண்ணில் நைட்ரஜன் கூடியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வயலும் மேய்ச்சல் நிலமும் ஒன்றல்ல என்றாலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். குளம்பு மண்ணை இறுக்குகிறது, எறும்பு இளக்குகிறது. இந்த இழுபறியில் மாடு பக்கம் ஒரு கூடுதல் பலம் உண்டு. மண்ணின் மேல் நீலப்பசும் பாசியும், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன்களும் சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய உயிர்ப்பொருக்கை அது ஒரே மிதியில் நொறுக்கிவிடும். அந்தப் பொருக்கு மீள்வதற்குப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம்.

மேய்ச்சலை நிலத்தில் ஒரே சீராகப் பரவிய ஒன்றாக எண்ணுவதும் தவறு. பாலைநிலத்தில் மாடு தண்ணீரைச் சுற்றியே வாழும். ஆஸ்திரேலியாவின் பெரும் நிலத்தடி நீர்ப்படுகையில் 1878-ல் முதல் ஆழ்துளைக் கிணறு பீறிட்ட பிறகு, அதுவரை கால்நடை எட்ட முடியாத பகுதிகளிலும் தொட்டிகள் வந்தன. தொட்டியைச் சுற்றி மிதியும் சாணமும் மூத்திரமும் குவிந்த மையம். அங்கிருந்து விலக விலக மேய்ச்சல் தணியும். இந்த வட்டத்துக்கு 1969-ல் ஆர். டி. லாங்கே 'பயோஸ்பியர்' (piosphere) என்று பெயரிட்டார். உயிர்க்கோளத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் குழம்பும் என்பதால் தமிழில் 'நீர்மைய வட்டம்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆய்வாளர்களுக்கு இது இயற்கை தந்த அளவுகோல். தொட்டியில் தொடங்கி வெளிநோக்கி நடந்தால், மேய்ச்சலின் கடுமை படிப்படியாகக் குறைவதை எறும்புகளைக் கொண்டே அளக்கலாம்.

அப்படி அளந்தவர்களில் முக்கியமானவர்கள் பெஞ்சமின் ஹாஃப்மனும் ஆலன் ஆண்டர்சனும். ஆண்டர்சன் எறும்புகளை இனப்பெயரால் அல்லாமல் குணத்தால் பிரித்தார். திறந்த வெயில் நிலத்தில் ஆட்சி செலுத்தும் இரிடோமிர்மெக்ஸ் போன்ற ஆதிக்க எறும்புகள், மெலோபோரஸ் போன்ற வெப்ப வல்லுநர்கள், எங்கும் எதையும் தின்று பிழைக்கும் சந்தர்ப்பவாதிகள், மண்ணுக்குள்ளேயே ஒளிந்து வாழ்பவை என்று பல கூட்டங்கள். இந்தப் பிரிப்பு சுரங்கம் தோண்டி மூடிய நிலங்களில் நன்றாக வேலை செய்தது. தோண்டிய நிலம் மீள்கிறதா என்று பார்க்க ஆஸ்திரேலியாவில் 1970களிலிருந்தே எறும்புகளைக் கணக்கெடுக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் அது அவ்வளவு சுத்தமாக அமையவில்லை. ஒரே பேரினத்தின் இரண்டு இனங்களில் ஒன்று மேய்ச்சலால் பெருகியது, மற்றது சுருங்கியது. களிமண்ணில் ஒரு விடை, மணலில் வேறு விடை. மண் வகையும் மழையும் எறும்புக் கூட்டத்தைத் தீர்மானிக்கும் அளவுக்கு மாடு தீர்மானிப்பதில்லை என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. பெரும்பாலும் மாறுவது இனங்களின் எண்ணிக்கை அல்ல, யார் யார் இருக்கிறார்கள் என்பதும் யார் எத்தனை பேர் என்பதும்.

எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு மிகச் சங்கடமான சான்று நியூ மெக்சிகோவில் 1912-ல் தொடங்கப்பட்ட ஹோர்னாடா ஆய்வு நிலத்தில் கிடைத்தது. அங்கே 1858-ல் நில அளவையாளர்கள் எழுதிவைத்த குறிப்புகளின்படி 90 சதவீதத்துக்கும் அதிகமான பரப்பில் நல்ல புல் இருந்தது. 1963-ல் அது 25 சதவீதத்துக்கும் கீழே. இடையில் நடந்தவை பெரும் மாட்டு மந்தைகளின் வருகையும் கடும் வறட்சிகளும். புல் போன இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது மெஸ்கீட் என்னும் முட்புதர், சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. மாடுகளே அதன் காய்களைத் தின்று சாணத்தில் விதைத்துப் பரப்பின. இப்படிக் கெட்டுப்போன நிலத்தில் எறும்பு இனங்கள் குறைந்திருக்க வேண்டுமல்லவா? 2005-ல் பிராண்டன் பெஸ்டெல்மையர் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: புதர் புகுந்த புல்வெளியில் எறும்பு வகைமை, அதாவது இனங்களின் பன்மை, கூடியிருந்தது. புதர் நிழல் தருகிறது, தேன் சுரக்கிறது, சாறுறிஞ்சும் பூச்சிகளை வளர்க்கிறது. அந்தப் பூச்சிகளின் இனிப்புக் கழிவு எறும்புக்கு உணவு. ஒரே மாதிரியாக இருந்த சமவெளியில் இப்படிப் புதிய மூலைமுடுக்குகள் உண்டாகின்றன.

ஆக, எறும்பு வகைமை கூடியது என்பதை வைத்து நிலம் தேறுகிறது என்று எழுதினால், பாலையாதலையே வளர்ச்சி என்று எழுதியவர்களாவோம். வகைமை என்ற ஒற்றை எண் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்ததற்கு இந்த ஆய்வு ஒரு காரணம்.

இன்னொரு காரணம் எண்ணும் முறை. பெரும்பாலான ஆய்வுகள் குழிப்பொறியை நம்புகின்றன. ஒரு குவளையை வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்து, உள்ளே பதப்படுத்தும் திரவம் ஊற்றி, சில நாட்கள் கழித்து எடுத்து எண்ணுவது. மலிவு, எளிது. ஆனால் குவளையில் விழுவது நிலத்தில் இருக்கும் எறும்புகள் அல்ல, நிலத்தில் ஓடும் எறும்புகள். புல்லடர்ந்த இடத்தில் மெதுவாக நகரும் எறும்பு, வெறும் மண்ணில் வேகமாகவும் தூரமாகவும் ஓடும். அதனால் அதே எண்ணிக்கைப் புற்றுகள் இருந்தாலும் மேய்ந்த பக்கத்துக் குவளையில் அதிகம் விழும். தரையின் செடியடர்த்தியை மட்டும் மாற்றி வைத்துச் செய்த சோதனைகள் இதைக் காட்டியிருக்கின்றன. போதாக்குறைக்கு, குவளை புதைக்கத் தோண்டிய புதுமண்ணே எறும்புகளை இழுக்கும். ஆஸ்திரேலியாவில் கிரீன்ஸ்லேட் 1973-லேயே இதைக் கவனித்துச் சொல்லிவிட்டார். குழிப்பொறி மட்டுமே வைத்து, புற்றுகளை எண்ணாமல் எழுதிய மேய்ச்சல் ஆய்வைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிப்பது நல்லது.

எண் மாறாமல் ஆள் மாறினால் என்ன நட்டம்? எறும்பை நம்பி வாழ்பவர்களைக் கேட்க வேண்டும். டெக்சஸ் கொம்புப் பல்லி அறுவடை எறும்புகளையே முதன்மை உணவாகக் கொண்டது. அவற்றுக்குப் பதிலாக அதே எண்ணிக்கையில் வேறு சிற்றெறும்புகள் வந்து நின்றால் அதன் பசி தீராது. ஆஸ்திரேலியாவின் முட்பல்லி எறும்பைத் தவிர வேறெதையும் ஏறக்குறையத் தொடுவதே இல்லை, ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் தின்னும். விதையில் சதைப்பற்றான கொழுப்புமுனை வைத்து எறும்பை ஆசைகாட்டி, தன் விதையைச் சுமந்துபோய்ப் புதைக்க வைக்கும் செடிகளும் அங்கே ஏராளம். விதையைச் சுமக்கும் பெரிய எறும்பு போய், கொழுப்பை மட்டும் அங்கேயே கொறித்துவிட்டுப் போகும் சிற்றெறும்பு வந்தால், செடியின் விதை தாய்ச்செடியின் அடியிலேயே கிடக்கும்.

ஆட்டையும் மாட்டையும் வெளியேற்றினால் எல்லாம் திரும்புமா? அமெரிக்கத் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் பரவிய சிவாவாப் பாலைவனத்தின் வேலியிட்ட நிலங்களை ஒப்பிட்டு 2002-ல் தாமஸ் வலோனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், மாடு வெளியேறி 20 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆன இடங்களில் பல்லாண்டுப் புல் மீண்டதாகத் தெரியவில்லை. 39 ஆண்டுகள் ஆன இடத்தில் மீண்டிருந்தது. புல்லுக்கே இத்தனை காலம். எறும்பு புல்லுக்குப் பின்னால்தான் வர முடியும். மெஸ்கீட் மணல்மேடுகளாக மாறிவிட்ட இடத்தில் அந்த 39 ஆண்டுகளும் போதாமல் போகலாம், ஏனென்றால் அங்கே மண்ணே இடம் பெயர்ந்துவிட்டது.

எனவே வேலியோர ஆய்வு ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது இனங்களின் பட்டியலை அல்ல, வேலியின் வயதை. அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் மாட்டு மந்தைகள் உச்சத்தைத் தொட்டது 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில். தென் அரிசோனாவில் 1891 முதல் 1893 வரை நீடித்த வறட்சியில் அவை கூட்டங்கூட்டமாகச் செத்தன. மேய்ச்சலை ஒழுங்குபடுத்தும் டெய்லர் சட்டம் வந்தது 1934-ல். வேலி பெரும்பாலும் இவற்றுக்கெல்லாம் பிறகு போடப்பட்டது, அதாவது சேதம் நடந்து முடிந்த நிலத்தின் நடுவே. அப்போது 'மேயாத பக்கம்' என்பதும் ஒரு காலத்தில் மேய்ந்து தேய்ந்த பக்கமே. வேலிக்கு வயது 10 என்றால், இருபுறமும் வாய் திறந்திருக்கும் அறுவடை எறும்புப் புற்றுகளில் பலவற்றின் ராணிகள் அந்தக் கம்பி வருவதற்கு முன்பே மண்ணுக்குள் இறங்கியவை.